கையெழுத்திடாத உறை

ஹோல்பெர்க், கான்சாஸ்
மார்ச் 3

அன்புள்ள ரோசினா,

இறைவன் அருளால் இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆஸ்டோரியாவின் மழை உன் முழங்காலை என்ன பாடு படுத்துகிறதோ என்பதுதான் கவலை. நார்மனின் இருமல் நின்றதா? மறக்காமல் எழுது.

இங்கே ஒரு செய்தி. நம் ஊரின் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டலாமா என்று வரும் நவம்பரில் மக்களிடமே வாக்குக் கேட்கப் போகிறார்களாம். பத்து வருடத்துக்கு. வரும் பணம் முழுவதும் ஆம்புலன்ஸுக்கு. வாக்கு தோற்றால் வருடக் கடைசியில் நம் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் யாருக்கு என்ன ஆனாலும் முப்பத்தெட்டு மைல் தள்ளி மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வண்டி வர வேண்டும்.

நகர மன்றக் கூட்டத்துக்குப் போய், லியாண்டர் டீட்ஸின் விதவையாக எழுந்து பேசினேன். என் லியாண்டர் அந்த மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். ரொட்டிக்கும் பாலுக்கும் வரி போடுவது ஏழையின் பையில் கை விடுவது என்று கடைசிவரை சொன்னவர். வங்கி முதலாளியும் விதவையும் ஒரே ரொட்டிக்கு ஒரே வரி கட்டுவது நியாயமா என்று கேட்டேன். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் டெல்பர்ட் பாயர் மட்டும் எழுந்தான். சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸில் போகிற மூன்று பேரில் அவன் ஒருவன்.

"டீட்ஸம்மா, அந்த வண்டிக்கு வயசு பத்தொம்போது. பின்கதவு பூட்டு நிக்கல. உள்ள ஒருத்தர் புடிச்சுக்கிட்டே வரணும்."

"அப்போ புடிச்சுக்கிட்டே வாங்க. என் வீட்டு அடுப்புக்கு வயசு முப்பத்தாறு. அதுக்கு நான் ஊருகிட்ட வரி கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரித்தான். எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

விற்பனை வரியே இல்லாத ஒரேகானில் இருக்கிற உனக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமையில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

நார்மனுக்கு என் அன்பு.
உன் அக்கா,
ஆல்வினா


ஆஸ்டோரியா, ஒரேகான்
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, கோபத்தோடு. நார்மன் இருமலை விட்டுவிட்டுத் தும்மலைப் பிடித்துக்கொண்டார்.

உரிமை இல்லாதவள் ஒன்று சொல்லலாமா? இங்கே கடையில் நான்கு டாலர் என்று எழுதியிருந்தால் நான்கு டாலர்தான். ஆனால் ஏப்ரல் மாதம் வருமான வரித் தாளோடு நார்மன் போடுகிற முனகலை நீ கேட்க வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

அந்த வாதத்தை விடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் நிலவறைக்குப் பதினோரு படி. அதில் நீ தினம் இரண்டு தடவை இறங்குகிறாய். தனியாக இருக்கிறாய். போனையாவது ஏப்ரன் பையில் போட்டுக்கொள். சிரிக்காதே. சத்தியம் செய்து எழுது.

புகையில் வாட்டிய சால்மன் மீன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
ரோசினா


ஹோல்பெர்க்
மே 12

அன்புள்ள ரோசினா,

மீன் நல்லபடியாக வந்து சேர்ந்தது, நன்றி. உப்பு சற்றுக் கூடுதல். உடம்பு நலமே. நீ கேட்டபடி போன் என் ஏப்ரன் பையில் கிடக்கிறது. ஆட்டுக்கு மணி கட்டியது போல இருக்கிறது. சத்தியம் செய்வது சத்தியத்தை மலிவாக்குவது என்று கான்வென்டில் சிஸ்டர் அடல்குண்டா சொல்லித் தந்ததால் சத்தியம் மட்டும் இல்லை.

"வரி உயர்வு வேண்டாம்" என்ற பலகையை என் புல்வெளியில் நட்டாயிற்று. எதிர்வீட்டு ஒட்டிலியா அதே பலகையில் மூன்று நட்டிருக்கிறாள். அவளுக்கு எதிலும் அளவு கிடையாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டெல்பர்ட் வந்து கதவைத் தட்டினான், கையில் துண்டுத்தாளோடு.

"வாசல்ல பலகை இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சுதும்மா. எல்லா வீட்டுக்கும் குடுக்கறதா ஒத்துக்கிட்டேன். உங்க வீட்ட மட்டும் விட்டா அது மரியாதை இல்லையே."

வாங்கிப் படித்தேன். மூன்று தவறுகள். சிவப்பு மையில் திருத்தி, நூறு டாலர் சாமானுக்கு ஐம்பது காசு கூடும் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் புதிதாக அச்சடித்து வந்தது; என் திருத்தம் ஒவ்வொன்றும் இருந்தது. எதிரியாக இருந்தாலும் ஒழுங்காக எழுதட்டுமே.

உங்கள் இருவரின் நலத்துக்கும் ஜெபிக்கும்,
ஆல்வினா


ஹோல்பெர்க்
ஜூலை 28

அன்புள்ள ரோசினா,

நலம். உங்கள் நலமும் அறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் தாமதமானதற்கு வெயில் காரணம். கோதுமை அறுவடை முடிந்தது. நிலவறைப் படிக்குப் புதிதாகக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள்.

வேறு விசேஷமில்லை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஆல்வினா


ஆஸ்டோரியா
ஆகஸ்ட் 6

அக்கா,

நாங்கள் நலம். நீ நலமில்லை. அதை மறைக்க வேண்டாம்.

எழுபது வருடத்தில் நீ எனக்குப் பென்சிலில் கடிதம் எழுதியதில்லை. கான்வென்ட் விடுதியில் நமக்கிருந்த விதி எனக்கும் நினைவிருக்கிறது: கட்டிலில் மை கூடாது, படுக்கை விரிப்புக் கறைபடும். காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் பென்சிலில் எழுதுவார்கள். எட்டு வரிக் கடிதத்தை நீ ஏன் கட்டிலிலிருந்து எழுதினாய்? நீயாகக் கைப்பிடி போடச் சொல்லியிருக்க மாட்டாய். அப்படியானால் யார் போட்டார்கள்?

போன் செய்தால் எடுத்து "நலம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். கடிதத்தில் உனக்குப் பொய் வராது.

கவலையோடு,
ரோசினா


ஹோல்பெர்க்
ஆகஸ்ட் 25

அன்புள்ள ரோசினா,

இதை மையில்தான் எழுதுகிறேன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. ஆகவே முதலில் நிம்மதியாக மூச்சு விடு.

ஜூலை ஒன்பதாம் தேதி நிலவறையில் விழுந்தேன். அடுப்பில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள, போன வருடம் வினிகரில் ஊறப்போட்ட தர்பூசணி ஒரு ஜாடி எடுக்கலாம் என்று இறங்கினேன். இல்லாத இடத்தில் கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் பையில் இருந்தது. அதற்காக உனக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது. ஒரு தடவை சொல்கிறேன். நன்றி, ரோசினா.

ஜெபமாலையில் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் மேலே காலடிச் சத்தம் கேட்டது.

"யாரு?"

"டெல்பர்ட்தாம்மா."

"வேற யாரும் கெடைக்கலையா?"

"இருக்கறதே மூணு பேரு. உங்களத் தூக்க மத்த ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல. என்னைய முன்னாடி தள்ளிவிட்டுட்டாங்க."

என் உடை, என்னோடு விழுந்து உடைந்த ஜாடிகளின் வினிகரில் நனைந்து தாறுமாறாகக் கிடந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி என்மேல் விரித்தான். பிறகுதான் அருகே வந்தான். அந்தக் கோட்டில் தானியத் தூசி வாசம்.

வண்டிக்குள் ஏற்றியதும் நான் ஒன்றைப் பார்த்தேன். பின்கதவு நிற்கவில்லை. முப்பத்தெட்டு மைலும் அவன் இடது கையால் அந்தக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மார்ச் மாதம் நான் சொன்னதை அவன் நினைவுபடுத்தவில்லை. "ரோடு கொஞ்சம் மோசம்மா, பொறுத்துக்குங்க" என்று மட்டும் நான்கைந்து தடவை சொன்னான்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். அடுப்பு அணைக்கப்பட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நிலவறையில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லையென்று ஒட்டிலியா சொன்னாள். உடையாத ஜாடிகள் வருட வரிசைப்படி, நான் அடுக்குவது போலவே அடுக்கியிருக்கின்றனவாம். இத்தனையும் செய்தது டெல்பர்ட்; கைப்பிடி போட்டதும் அவன்தான். மருத்துவமனையில் இருந்தபோதே செய்தி வந்தது.

இனி நீ கேட்கப்போகும் கேள்வி. ஆம், பலகை இன்னும் புல்வெளியில்தான் இருக்கிறது. தன் இடுப்பு உடைந்ததும் கொள்கையும் உடைந்த கிழவி என்று இந்த ஊர் என்னைப் பற்றிப் பேச விடமாட்டேன். லியாண்டர் பெயரைச் சொல்லி நான் பேசிய பேச்சு அது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்து போய்வருகிறேன். உன் முழங்கால் எப்படி?

உன் அக்கா,
ஆல்வினா


ஆஸ்டோரியா
செப்டம்பர் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நார்மன் படித்துவிட்டு, "அந்தப் பையனுக்கு ஒரு பெட்டி மீன் அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன். உப்பு சற்றுக் கூடுதல் என்று அவன் எழுதவில்லை. "உங்க அக்கா ரொம்ப தைரியசாலி, வழி பூரா எங்க டிரைவர் வண்டி ஓட்டறதத் திருத்திக்கிட்டே வந்தாங்க" என்று எழுதியிருந்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயதாம். நமக்குப் பையன்தான்.

அக்கா, நீ அவனுக்கு நன்றி சொன்னாயா? கடிதத்தில் அதைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

பலகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உரிமை இல்லாதவள்.

முழங்கால் தேவலை. நாற்காலியிலிருந்து எழும்போது மெல்ல எழு.

ரோசினா


ஹோல்பெர்க்
அக்டோபர் 24

அன்புள்ள ரோசினா,

உடம்பு படிப்படியாகத் தேறுகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் ஊரில் புயல் என்று செய்தியில் பார்த்தேன்; கூரை பத்திரமா?

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக இந்தத் தேர்தலில் நான் வாக்குச்சாவடி மேசையில் உட்காரப் போவதில்லை. அவ்வளவு நேரம் உட்கார முடியாது. என் இடத்தில் வேறொருத்தி. பெயர்ப் பட்டியலை விரலால் தொட்டுப் படிக்கிறவள். ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும்.

எனக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மேசையில் தனியாக உட்கார்ந்து குறித்தேன். மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். எழுதியதை ஓர் இரவு ஆற வை, காலையில் மறுபடி யோசித்துவிட்டுப் பெயரெழுது என்று சிஸ்டர் அடல்குண்டா நம்மைப் பழக்கினாரே, அதன்படி மேசையிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் நான் எழுந்து தயாராவதற்குள் ஒட்டிலியா வழக்கம்போல வந்து தபால்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள்.

எப்படி வாக்களித்தேன் என்று கேட்காதே. அது எனக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையில்.

அன்புடன்,
ஆல்வினா


ஹோல்பெர்க்
நவம்பர் 8

அன்புள்ள ரோசினா,

நீங்கள் இருவரும் நலமென்றே நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனதில்தான்.

வாக்கு எண்ணி முடித்தார்கள். வேண்டும் 417. வேண்டாம் 417. சமமாக நின்றால் வரி தோற்றதாகத்தான் கணக்கு. ஒட்டிலியா காலையிலேயே கேக் கொண்டுவந்துவிட்டாள்.

அவள் போன பிறகு மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து மார்லா போன் செய்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலை பழக்கியதே நான்தான்.

"ஆல்வினாம்மா, சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. உங்க உறைல கையெழுத்து இல்ல."

ரோசினா, முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் ஒவ்வொருவரிடமும், "உறைமேல கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டவள் நான். இரவு முழுக்க ஆறவைத்துவிட்டுக் காலையில் பெயரெழுத இருந்தேன். காலையில் உறை இல்லை. போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

"பதினாலாந்தேதி இறுதி எண்ணிக்கை. அதுக்குள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா சேத்துக்குவோம். உங்க ஊர்ல மிச்சம் இருக்கறது இந்த ஒரு உறைதாம்மா."

புரிகிறதா உனக்கு? மற்ற எல்லாச் சீட்டும் எண்ணியாகிவிட்டது. நான் கையெழுத்திட்டால் என் ஒரு சீட்டை மட்டும் திறப்பார்கள். அதில் நான் என்ன குறித்தேன் என்பது மறுநாள் செய்தித்தாளைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒட்டிலியாவுக்கும். பலகை இன்னும் என் புல்வெளியில் நிற்கிறது.

கையெழுத்திடாமல் வீட்டிலேயே இருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. நடக்க முடியாதவள். வரி தோற்றதாகவே இருக்கும். ஜனவரியில் வண்டி நிற்கும்.

இந்தச் சீட்டை நான் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் குறித்தேன். அந்தத் தைரியம் எவ்வளவு சின்னது என்று இப்போது தெரிகிறது.

உன் பதில் பதினாலாம் தேதிக்குள் வந்து சேராது. அதனால்தான் கேட்காமல் சொல்லிவைக்கிறேன்.

ஆல்வினா


ஆஸ்டோரியா
நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

இது பிந்தித்தான் வரும், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். போன் செய்தால் உன்னைத் தள்ளுவது போலாகிவிடும்.

சிஸ்டர் அடல்குண்டா பெயரைக் கடைசியில் எழுதச் சொன்னார். எழுதாமல் விடச் சொல்லவில்லை.

நீ என்ன செய்திருந்தாலும் என் அக்காதான். எனக்கு இன்றும் ஓர் அக்கா இருப்பதற்கு அந்தக் கதவைப் பிடித்த கைக்கு தினமும் நன்றி சொல்கிறேன்.

நாங்கள் சுகம். கூரை ஒழுகவில்லை.

ரோசினா


ஹோல்பெர்க்
நவம்பர் 18

அன்புள்ள ரோசினா,

உன் கடிதம் இன்று வந்தது. பத்து நாளாக வராத பசி இன்று வந்தது, நன்றாகச் சாப்பிட்டேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி ஒட்டிலியாவிடமே காரில் கூட்டிப்போகச் சொன்னேன். வேறு யாரிடம் கேட்பது?

"நாமதான் ஏற்கனவே ஜெயிச்சாச்சே, எதுக்கு ஆல்வினா இந்த அலைச்சல்?" என்றாள்.

"என் சீட்டு எண்ணப்படணும்."

"அதான பாத்தேன். நீ விடுவியா!" என்று பெருமையாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினாள். முப்பத்தெட்டு மைலும் அவளே பேசிக்கொண்டு வந்தாள். நான் அந்தச் சாலையின் மேடு பள்ளத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன்.

மார்லா உறையை என்முன் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது ஒண்ணுதான் பாக்கி. எண்ணுனா தெரிஞ்சுரும்மா. நல்லா யோசிச்சுக்குங்க."

"எனக்குக் கூட்டல் தெரியும், மார்லா" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் முடிவு: வேண்டும் 418, வேண்டாம் 417.

மூன்று நாள் ஒருவரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் கூடத்தில் காப்பியும் முட்டைக்கோஸ் கறி அடைத்த பீரோக் ரொட்டியும். வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒட்டிலியா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அந்த எண்ணுற மெஷினு பழசு. எதையாவது தப்பா எண்ணியிருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்றார்கள் எல்லோரும், அவரவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு. தூரத்து மேசையில் டெல்பர்ட்டும் தலையை ஆட்டினான். "நம்ம வண்டி மாதிரிதான் அதுவும்" என்றான். ஜெயித்தவன் அவன். அவனும் எனக்காகத் தன் வெற்றியைச் சந்தேகத்துக்குக் கொடுத்தான்.

ரோசினா, கூட்டல் தெரியாதவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. இத்தனை பேரும் சேர்ந்து என் மானத்தைக் காக்க ஒரு பொய்யைப் போர்வையாக விரித்தார்கள், டெல்பர்ட் அன்று கோட்டை விரித்தது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு. இப்படி ஒரு ஊரில் என்னை வாழ வைத்ததற்காக அந்த நிமிடம் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆனால் பொய் பொய்தான். அதன் கீழே என்னால் உட்கார முடியாது. நின்றபடியே சொன்னேன்:

"மெஷின் சரியாத்தான் எண்ணுச்சு. அது என் ஓட்டு. என் இடுப்புக்காகப் போடல. முப்பத்தெட்டு மைல் கதவப் புடிச்சுக்கிட்டு வந்த கைக்குப் போட்டேன். டெல்பர்ட், ஜூலைல சொல்லியிருக்கணும். ரொம்ப நன்றிப்பா. ரொட்டிக்கு வரி போடறது தப்புன்னு இப்பவும் சொல்றேன். ரொட்டியையும் பாலையும் விட்டுருங்கன்னு அடுத்த மன்றக் கூட்டத்துல வந்து பேசுவேன்."

டெல்பர்ட் எழுந்து நின்று தொப்பியைக் கையில் திருகினான்.

"டீட்ஸம்மா, புது வண்டில கதவு தானா பூட்டிக்குமாம். எனக்கு வேலை போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். ஒட்டிலியா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, காப்பி ஆறுது. உன்னோட பேச மாட்டேன், உக்காரு மட்டும்" என்றாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள்.

சாயங்காலம் டெல்பர்ட் வந்து பலகையைப் பிடுங்கிக் கொடுத்தான். என்னால் குனிய முடியாது. நிலவறைக்குப் போய்த் தர்பூசணி ஜாடி ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய வருடத்து ஜாடியைத்தான் எடுத்து வந்தான். எது முதலில் தீர வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு தன் காரில் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், லியாண்டரிடமும் விஷயத்தைச் சொல்ல வைத்தான். லியாண்டர் வழக்கம்போல மறுத்துப் பேசவில்லை.

இந்தத் தாளின் அடியில் என் பெயரை முதலிலேயே எழுதிவிட்டுத்தான் மேலே ஆரம்பித்தேன். சிஸ்டர் அடல்குண்டா மன்னிக்கட்டும். அதனால் இடம் இவ்வளவுதான் இருக்கிறது. நார்மனுக்கு

உன் அக்கா,
ஆல்வினா டீட்ஸ்